அறைக் கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: கொரோனா காலத்தில் பதினைந்து வயது மகள் மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வரவில்லை. புத்தி சொன்னோம், கெஞ்சினோம், கடைசியில் போனைப் பிடுங்கி வைத்தோம். எதுவும் பலிக்கவில்லை. இன்னொரு பெருந்தொற்று வந்தால், வீட்டிலும் பள்ளியிலும் இருக்கும் பெரியவர்கள் பிள்ளைகளின் மனதை எப்படிக் காப்பது?

போனிலிருந்தே தொடங்குகிறேன். இளையவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். 2020-இல் என்னிடம் பேசிய பெற்றோர்கள் பலர் இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. நாள் முழுக்கப் பிள்ளை திரையைப் பார்த்தபடி சுருண்டு கிடந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒரே எதிரி அந்தப் போன்தான். ஆனால் வகுப்பறையின் கடைசி பெஞ்ச், பள்ளி விட்டு நடந்து வரும் தெரு, விளையாட்டு மைதானம், தோழியின் வீடு எல்லாம் அந்த மாதங்களில் அதற்குள்தான் குடியேறியிருந்தன. அதைப் பிடுங்கியபோது பிள்ளைக்கு மிச்சமிருந்த ஒரே வாசலும் அடைபட்டது.

பதின்வயதில் நண்பர்கள் பொழுதுபோக்கு இல்லை, வளர்ச்சிக்கு வேண்டிய சத்து. ஏமி ஆர்பன், லிவியா தொமோவா, சாரா-ஜெய்ன் பிளேக்மோர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2020-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் எடுத்துக்காட்டியது. சக வயதினரோடு பழகுவதற்கு மூளை மிகவும் ஏங்கும் பருவம் இது. இளம் வயதில் கூட்டத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்ட விலங்குகளின் மூளையிலும் நடத்தையிலும் மாற்றம் வருவது முன்பே தெரிந்த விஷயம். நேரில் பழக வழியில்லாதபோது, திரை வழியான பழக்கம் அந்தக் குறையைக் கொஞ்சமாவது ஈடுகட்டக்கூடும் என்றும் அவர்கள் சொன்னார்கள். இதில் ஒரு வித்தியாசம் பார்க்க வேண்டும். நண்பர்களோடு சேர்ந்து விளையாடுவதும் வாய்விட்டுப் பேசுவதும் ஒரு வகை. முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களை இரவு இரண்டு மணிவரை தள்ளித் தள்ளிப் பார்ப்பது வேறு வகை. 'எத்தனை மணி நேரம் பார்த்தாய்?' என்று கேட்பதைவிட 'இன்று யாரோடு பேசினாய்?' என்று கேட்பது பயன் தரும்.

சென்ற முறை அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்பதற்குச் சில எண்கள். 2020 ஏப்ரல் வாக்கில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளி, கல்லூரி மூடிக் கிடந்தது என்பது யுனெஸ்கோவின் கணக்கு. 29 ஆய்வுகளை, அதாவது 80,000-க்கும் அதிகமான பிள்ளைகளின் விவரங்களைத் தொகுத்து 2021-இல் வெளிவந்த ஓர் அலசல், நாலில் ஒருவருக்குக் கவலைப்படும் அளவில் மனச்சோர்வின் அறிகுறிகளும், ஐந்தில் ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறிகளும் இருந்ததாகக் காட்டியது. தொற்றுக்கு முந்தைய மதிப்பீடுகளைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெண் பிள்ளைகளிடம் கூடுதல். தொற்று தொடங்கி நாளாக ஆகச் செய்த ஆய்வுகளில் இன்னும் கூடுதல். அறிகுறி என்பது வேறு, நோய் என்பது வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அறிகுறி தெரிந்த எல்லோருக்கும் மருந்து வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு வேண்டியிருந்தது, பக்கத்தில் நிதானமாக ஒரு பெரியவர்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு முடிவு. தனிமையையும் பிள்ளைகளின் மனநலத்தையும் பற்றி முன்பு வந்த 63 ஆய்வுகளை 2020-இல் மரியா லோட்ஸும் அவருடைய குழுவினரும் அலசினார்கள். தனிமை எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைவிட, எவ்வளவு காலம் நீண்டது என்பதற்குத்தான் பிற்காலத்து மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. என் வேலையில் நான் பார்த்ததும் இதுதான். ஒரு வாரம் கதறி அழுத பிள்ளை எழுந்து வந்துவிட்டது. சத்தமே இல்லாமல் நாலு மாதம் கிடந்த பிள்ளைக்குத்தான் எழுவது சிரமமாக இருந்தது. ஆகவே நாம் செய்யக்கூடியது, தனிமையை இடையிடையே வெட்டி விடுவது. ஒரே நாளில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசும் பெரிய பேச்சு அதைச் செய்யாது. தினமும் பத்து நிமிடம் செய்யும்.

அந்தப் பத்து நிமிடத்தை எதிரெதிரே உட்கார்ந்து கழிக்காதீர்கள். அது விசாரணை போல இருக்கும். பாத்திரம் துடைக்கும்போது, துணி மடிக்கும்போது, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது என்றால் கண்ணைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. வாய் தானாகத் திறக்கும். இரவு விளக்கை அணைத்த பிறகு வாசற்படியில் நின்று பேசுவதும் வேலை செய்யும். 'என்னம்மா ஆச்சு?' என்று கேட்டால் 'ஒண்ணும் இல்லப்பா' என்றுதான் முதல் பத்து நாளும் பதில் வரும். 'சரிம்மா, நான் கூடத்துலதான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பதினோராவது நாள் அவள் ஏதாவது சொல்லும்போது, உடனே தீர்வை எடுத்து நீட்டாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி. நமக்குக் கைகள் பரபரக்கும். 'அதுக்கு நீ என்ன பண்ணணும்னா' என்று ஆரம்பித்தீர்களோ, போச்சு. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லுங்கள், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், அவ்வளவுதான்.

இழப்பு விஷயத்தில் பெரியவர்கள் சறுக்கியது அதிகம். 'ஆயிரக்கணக்கில் சாகிறார்கள், உனக்குப் பள்ளியின் கடைசி நாள் விழா நடக்காததா பெரிய விஷயம்?' கணக்குப்படி நியாயமான கேள்விதான், நானும் என் வீட்டில் கேட்டிருக்கிறேன். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நினைவு தெரிந்த வாழ்க்கையே பன்னிரண்டு வருடம்தான். அதில் ஒரு வருடம் காணாமல் போவது நமக்கு நாலைந்து வருடம் தொலைவதற்குச் சமம். போன வருடத்துக்குப் பதிலாக இன்னொன்றை யாரும் கொடுக்கவில்லை. முதல் முறை அணியில் இடம் கிடைத்த பையனுக்குப் போட்டியே நடக்கவில்லை. காதலைச் சொல்ல நினைத்தவள் சொல்லாமலே அடுத்த ஊருக்குக் குடிபோனாள். அழுவதற்குக்கூட உரிமை இல்லாத சின்ன இழப்புகள் இவை. 'ஆமாம், அது போனது போனதுதான், எனக்கும் வருத்தமாக இருக்கிறது' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

வீட்டில் ஒருவரையே பறிகொடுத்த பிள்ளைகளின் நிலை வேறு. தொற்றின் முதல் 14 மாதங்களில், பெற்றோரையோ கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தாத்தா பாட்டியையோ இழந்த பிள்ளைகள் உலகில் 15 லட்சத்துக்கும் மேல் என்று 2021-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பலர் கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரம் கடந்துவிட்டதே என்று விடாதீர்கள். ஆறு மாதம் கழித்தும் இறந்தவருக்கு ஒரு கடிதம் எழுதிப் படிக்கலாம், புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்து பேசலாம். தன்னால்தான் தொற்று வீட்டுக்குள் வந்தது என்று தனக்குள்ளேயே புழுங்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

அப்புறம் தூக்கம். இதில் பிள்ளைகள் மீது விழும் பழி பாதிக்கு மேல் அநியாயம். பருவம் வந்ததும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கும் நேரமே இரவில் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. காலையில் பள்ளி இல்லை என்றதும் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்த மாதிரி ஆனது. ஆரம்ப வாரங்களில் பலர் வழக்கத்தைவிட நன்றாகத்தான் தூங்கினார்கள். பிறகு விடியற்காலை நாலு மணிக்குப் படுத்து மதியம் எழுவது வழக்கமாகிப் போனது. அப்படி வாழும் பிள்ளை வீட்டில் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோரும் விழித்திருக்கும்போது இவன் தூங்குகிறான், இவன் விழிக்கும்போது வீடே தூங்குகிறது. படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், தோற்றுப் போவீர்கள். எழும் நேரத்தைப் பிடியுங்கள். சில நாளைக்கு ஒரு முறை அரை மணி முன்னதாக எழுப்பி, எழுந்த கையோடு ஜன்னலோ வாசலோ, வெளிச்சம் முகத்தில் படும் இடத்தில் உட்கார வையுங்கள். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், அதையும் மறந்துவிட வேண்டாம்.

'மனசு சரியானதும் எழுந்து வருவேன்' என்று பிள்ளை சொல்லும். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் மனச்சோர்வு வேலை செய்யும் விதம் தலைகீழ். எதுவும் செய்யாமல் இருக்க இருக்க மனம் இன்னும் இறங்கும், இறங்க இறங்க இன்னும் எதுவும் செய்யத் தோன்றாது. 1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் இந்தச் சுழலை வைத்துத்தான் தன் சிகிச்சையை அமைத்தார்: முதலில் செயல், மனநிலை பின்னால் வரும். செயல் மிகச் சின்னதாக இருக்க வேண்டும். குளிப்பது. மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்குவது. ஒரே ஒரு நண்பனுக்குக் குரல் செய்தி அனுப்புவது. நான் பார்த்ததில் மிக வேகமாகப் பலித்தது, அடுத்தவருக்கு உதவும் வேலைதான். வயதான பக்கத்து வீட்டுக்காரருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது, தாத்தாவுக்கு வீடியோ கால் போடக் கற்றுக்கொடுப்பது, தங்கையின் கணக்குப் பாடத்தைப் பார்த்துக்கொள்வது. தனக்காக எழாதவன் அடுத்தவருக்காக எழுந்த கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

இதற்கு ஆய்வு வழியாகவும் ஓர் ஒத்தாசை உண்டு. 2020 பிப்ரவரியில், அதாவது உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொல்வதற்குச் சில வாரங்கள் முன்பே, சமந்தா புரூக்ஸும் சக ஆய்வாளர்களும் தனிமைப்படுத்தலின் மனப் பாதிப்புகளை, சார்ஸ், எபோலா போன்ற முந்தைய தொற்றுகளின் அனுபவத்திலிருந்து தொகுத்திருந்தார்கள். நாள் நீள்வது, தெளிவான தகவல் இல்லாதது, சலிப்பு, வருமானம் போவது, நோய் வந்தவர் என்ற முத்திரை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. பிறருக்காக இதைச் செய்கிறோம் என்று புரியவைப்பது நல்லது என்றும் அதில் இருந்தது. பிள்ளைகளிடம் 'வெளியே போகாதே' என்று மட்டும் சொன்னால் அது தண்டனை. யாரைக் காப்பாற்றுகிறோம் என்றும் சேர்த்துச் சொன்னால், அதில் அவர்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. தகவல் விஷயத்தில், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். 'அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லி, அடுத்த மாதமும் ஆகாதபோது நம் வார்த்தைக்கு மதிப்பு போய்விடும். முக்கியமாக, கூடத்தில் நாள் முழுக்க அலறும் செய்தி சேனலை அணைத்துவிடுங்கள். காலையும் மாலையும் ஒரு தடவை போதும். பதற்றம் பிள்ளைக்கு இருக்கிறது என்று என்னிடம் வந்த சில வீடுகளில், பதற்றத்தின் ஊற்று அப்பாவின் கையில் இருந்த ரிமோட்தான்.

பள்ளிகள் பற்றிச் சுருக்கமாக. கேமராவைப் போடு என்று அதட்டுவதற்கு முன், அந்தப் பிள்ளையின் பின்னால் என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கலாம். வகுப்பில் வருகையைக் குறித்துக்கொள்வதைவிட, வராத பிள்ளைக்கு வாரம் ஒரு முறை ஆசிரியர் போட்ட ஐந்து நிமிட போன் பெரிய வேலை செய்தது. பாடத்தைப் பற்றிப் பேசாத போனாக இருக்க வேண்டும். தேர்வு உண்டா இல்லையா என்பதை இழுத்தடிக்காமல் சொல்லிவிட்டால், அதுவே பல பிள்ளைகளுக்குப் பாதி மருந்து.

யாரும் அதிகம் பேசாத ஒன்று: சில பிள்ளைகளுக்கு ஊரடங்கு நிம்மதியாக இருந்தது. வகுப்பில் கேலிக்கும் அடிக்கும் ஆளானவர்கள், நாலு பேர் முன் நிற்கவே நடுங்குபவர்கள். வீட்டில் அவர்கள் முகம் தெளிந்தது. பள்ளி திறந்ததும்தான் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தன. இவர்களைச் சோம்பேறி என்று சொல்லி ஒரே நாளில் முழு வகுப்புக்கும் தள்ளுவது தவறு, பயமாக இருக்கிறதா சரி வீட்டிலேயே இரு என்று விடுவதும் தவறு. ஒரு நாள் வாசல்வரை, பிறகு ஒரு பாடவேளை, பிறகு அரை நாள். கேலி செய்தவர்களைப் பற்றிப் பள்ளியோடு பேசுவதும் அதனோடு சேர்ந்து நடக்க வேண்டும். இன்னொரு பக்கம், வீடே ஆபத்தான இடமாக இருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குப் பள்ளி மூடியபோது அடைக்கலம் மூடியது. அதனால்தான் வாராந்தர போனில் 'இப்போது தனியாக இருந்து பேச முடிகிறதா?' என்று ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேட்கும் பழக்கம் ஆசிரியர்களுக்கு வேண்டும்.

எப்போது வெளி உதவி தேட வேண்டும்? பதின்வயதில் மனச்சோர்வு எப்போதும் சோகமாக வருவதில்லை, எரிச்சலாகவும் வரும். தொட்டதற்கெல்லாம் சீறுவது, குளிக்காமல் கிடப்பது, சாப்பாடும் தூக்கமும் குலைவது, பிடித்த விளையாட்டும் கசப்பது, ஆன்லைன் நண்பர்களிடமிருந்தும் விலகுவது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் காத்திருக்காதீர்கள். 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்ற மாதிரிப் பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருட்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுப்பது, உடம்பைக் காயப்படுத்திக்கொள்வது எதைக் கண்டாலும் அன்றே செயல்பட வேண்டும். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்ட ஒன்று. பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கிறது. ஆமாம் என்று பதில் வந்தால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியே விடாதீர்கள். வீட்டிலிருக்கும் மருந்துகளையும் ஆபத்தான பொருட்களையும் எட்டாத இடத்தில் பூட்டுங்கள். மனநல மருத்துவரையோ உதவி எண்ணையோ உடனே அழையுங்கள், நிலைமை கைமீறினால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அமெரிக்காவில் 2021 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், தற்கொலை முயற்சி என்ற சந்தேகத்தில் அவசர சிகிச்சைக்கு வந்த 12 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2019-இன் அதே காலத்தைவிடப் பாதிக்கு மேல் கூடியிருந்தது. முதல் சில வாரங்களில் வந்தது அல்ல இது, ஒரு வருடம் நீண்ட பிறகு வந்தது.

போன் வழியாக ஆலோசனை பெறும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு பெண் ஒவ்வொரு வாரமும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் என்னோடு பேசினாள், வெளியே கேட்டுவிடக் கூடாது என்று. தண்ணீர்ச் சத்தத்தில் பாதி வார்த்தை எனக்கும் கேட்கவில்லை. அந்த முக்கால் மணி நேரம் வீட்டுப் பெரியவர்கள் நடந்துவிட்டு வரப் போங்கள். திரும்பி வந்து 'என்ன பேசினீங்க?' என்று கேட்காதீர்கள்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு இப்போது இருபது வயதாவது ஆகியிருக்கும். அந்த மாதங்களைப் பற்றி அவளிடம் நீங்கள் இன்னும் பேசியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலான வீடுகளில் பேசவில்லை. 'அன்னைக்கு உன் போனைப் பிடுங்கினது தப்பும்மா. எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல. அப்போ நாங்க என்ன செஞ்சிருந்தா உனக்கு நல்லா இருந்திருக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்வியை உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் எது பலிக்கும் என்பது என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். முதல் தடவை 'அதெல்லாம் இப்ப எதுக்குப்பா' என்றுதான் சொல்வாள்.